ஒரே மாதிரி ஒலித்தால் உறவா? - வாசகர் கேள்வி பதில்

கே: ஆங்கிலத்தில் ‘ஒன்’, தமிழில் ‘ஒன்று’. அங்கே ‘எய்ட்’, இங்கே ‘எட்டு’. ஆங்கில எண்களே தமிழிலிருந்து போனவை என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பலாமா? (ஈரோடு வாசகர்)

ப: நம்ப வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று தெரிந்துகொள்வதில் சுவை இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எட்டு. இன்று நம் காதில் விழும் ‘எய்ட்’ என்ற உச்சரிப்புக்கு வயது அவ்வளவு அதிகமில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை எழுதும்போது நடுவில் ஜி, ஹெச் என்று இரண்டு எழுத்துகள் ஒலிக்காமல் நிற்கின்றனவே, ஒரு காலத்தில் அது அடித்தொண்டையிலிருந்து வரும் ககரமாக ஒலித்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ‘எஅஃக்தா’ என்றார்கள், ஜெர்மானியர்கள் இன்றும் ‘ஆஃக்ட்’ என்கிறார்கள், லத்தீனில் ‘ஆக்தோ’ (ரோமானியர்களின் பழைய காலண்டரில் எட்டாவது மாதம் என்பதால்தான் அக்டோபர்), சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. காலத்தில் பின்னால் போகப் போக அந்தச் சொல்லின் நடுவே ககரம் வலுத்துக்கொண்டே போகிறது.

இப்போது நம் எட்டைப் பாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை, ‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’. இவற்றில் எல்லாம் டகரத்தைக் காணோம், ணகரம்தான் இருக்கிறது. கன்னடத்தில் ‘எண்டு’, துளுவில் ‘எண்ம’, தெலுங்கில் ‘எனிமிதி’. ஆக நம் சொல்லின் பழைய உடல் ‘எண்’. அதன் மேல் ஒரு டகரம் சேர்ந்து, ணகரம் கரைந்து, ‘எட்டு’ ஆனது பிற்பாடு நடந்த கதை. ஒரு சொல் ‘ஆக்தோ’விலிருந்து கிளம்பியது, இன்னொன்று ‘எண்’ணிலிருந்து கிளம்பியது, இரண்டும் வெவ்வேறு வழியில் நடந்துவந்து இந்தக் காலத்தில் தற்செயலாகப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. உண்மையான உறவு என்றால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன.

‘ஒன்’னும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’, ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. இன்று நாம் சொல்லும் ‘வன்’ என்ற உச்சரிப்பு இடைக்காலத்தின் கடைசியில்தான் பரவியது. அந்தச் சொல்லிலிருந்தே பிறந்த ‘அலோன்’, ‘ஒன்லி’ ஆகியவற்றில் வகரம் ஏறவே இல்லை. நம் ‘ஒன்று’க்கோ பக்கத்துச் சொந்தங்கள் ஒரு, ஓர், கன்னட ‘ஒந்து’.

அப்புறம், அந்தச் செய்தி ஏன் ஒன்றையும் எட்டையும் மட்டும் சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது, பத்து எல்லாம் எங்கே போயின? பத்து எண்களில் எட்டு எண்களை ஒதுக்கிவிட்டு இரண்டு எண்களை மட்டும் காட்டினால் எந்த மொழியையும் எந்த மொழிக்கும் உறவாக்கிவிடலாம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி என்று தமிழிலிருந்து உண்மையாகவே ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் இருக்கின்றன, அகராதிகளும் தமிழ் என்றே பதிந்திருக்கின்றன. இவற்றோடு பொய்யையும் கலந்து அனுப்பினால், படிக்கிற வெளியாள் உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். எனக்கு அதுதான் வருத்தம்.

கே: கொரியத் தொடர்கள் நிறையப் பார்க்கிறேன். அவர்களும் அப்பா, அம்மா என்கிறார்கள். ‘நா’ என்றால் நான். ‘புல்’ என்றால் புல்லேதான்! ‘நல்’ என்றால் நாள். இதுவும் தற்செயல் என்று சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ். (கோவை கல்லூரி மாணவி)

ப: உங்கள் காது கூர்மையானது. இதே ஒற்றுமையைப் பார்த்து அசந்துபோனவர்களில் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் முக்கியமானவர். கொரியாவில் ஆசிரியராகப் பணியாற்றியவர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு இலக்கண நூலே எழுதினார். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் பல ஆண்டுகள் உழைத்தார். இருவரும் நேர்மையாக உழைத்தவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஏற்கவில்லை.

அம்மா, அப்பாவை முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பிறந்த குழந்தைக்கு மிக எளிதாக வருவது ‘ஆ’. உதட்டை மூடித் திறந்தால் ம, ப. ‘மமமம’, ‘பபபப’ என்று குழந்தை சும்மா ஒலி எழுப்ப, பெற்றவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று மகிழ்ந்து அதையே பெயராக்கிக்கொள்கிறார்கள். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1960 வாக்கில் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். இதற்கு நல்ல சாட்சி ஜார்ஜியா நாட்டு மொழி. அங்கே ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா! ஒலிகள் எல்லா ஊர்க் குழந்தைக்கும் பொது, யாருக்கு எந்த ஒலியைக் கொடுப்பது என்பதை அந்தந்த வீடு முடிவு செய்கிறது.

‘புல்’ விஷயத்துக்கு வருவோம். கொரியத்தில் பகரம் மூன்று வகை. மென்மையாகச் சொன்னால் ‘புல்’ என்பது நெருப்பு, மூச்சுக் காற்றோடு சொன்னால் புல் (பசை என்றும் பொருள் உண்டு), இறுக்கி அழுத்திச் சொன்னால் கொம்பு. நம் காதுக்கும் நம் எழுத்துக்கும் மூன்றுமே ‘புல்’தான். மூன்று வெவ்வேறு சொற்களை ஒரே சல்லடையில் போட்டு அலசினால் ஏதாவது ஒன்று நம் சொல்லோடு பொருந்த நல்ல வாய்ப்பு இருக்கிறது, பொருந்திய அந்த ஒன்று மனதில் நிற்கிறது, நெருப்பும் கொம்பும் மறந்துபோகின்றன. ‘நா’, ‘நல்’ போன்ற குட்டிச் சொற்களும் இப்படித்தான். ஓரசைச் சொல் எந்த இரண்டு மொழியிலும் சில இடங்களில் முட்டிக்கொள்ளும். நீளமான சொற்கள், வினை விகுதிகள், வேற்றுமை உருபுகள், இவை ஒழுங்காகப் பொருந்தினால் பேசலாம். அங்கேதான் இந்த ஒப்பீடு தடுமாறுகிறது.

ஆனால் தொடர்களை நிறுத்தாதீர்கள். வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவது, பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவது என்று வாக்கிய அமைப்பில் கொரியமும் தமிழும் நிறைய ஒத்துப்போகும். உறவில்லாத மொழிகளிலும் இப்படி அமைவதுண்டு, அது நமக்குக் கொரியம் படிக்க லாபம்தான்.

கே: அப்படியென்றால் உலகத்திலேயே பெரிய தற்செயல் எது? (விருதுநகர் வாசகர்)

ப: என்னைக் கேட்டால் ஆஸ்திரேலிய நாய். அந்நாட்டின் வட குயின்ஸ்லாந்தில் ‘ம்பபாரம்’ என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. 1960-களில் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் அதன் கடைசிப் பேச்சாளர்களில் ஒருவரான ஆல்பர்ட் பென்னட்டைத் தேடிப் போய்ச் சொற்களைக் கேட்டுக் குறித்தார். நாய்க்கு அவர் சொன்ன சொல் ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து எடுத்ததாகத்தானே யாரும் நினைப்போம்? இல்லை. பக்கத்து மொழியான யிடினியில் நாய்க்குக் ‘குடக’ என்று பெயர். ம்பபாரத்தில் சொற்களின் முதல் ஒலி உதிர்ந்து, உள்ளே உயிரெழுத்து திரிந்து, கடைசி உயிரும் போய்விடும். மற்றச் சொற்களிலும் அதே விதி. ‘குடக’ அந்த வழியில் தேய்ந்து ‘டாக்’ ஆகியிருக்கிறது.

பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்ட (பத்மாஷ் என்பதில் வருகிறதே அது), ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றாலும் கெட்ட, இரண்டுக்கும் தொடர்பில்லை. மலாயில் கண்ணுக்கு ‘மாத்தா’, இன்றைய கிரேக்கத்தில் ‘மாத்தி’, அதுவும் தற்செயலே.

கே: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பால் இங்கே ‘ஹாலு’, புலி ‘ஹுலி’. ஒலி இவ்வளவு மாறியிருக்கும்போது இதை மட்டும் உறவு என்கிறார்கள், ஒலி அப்படியே ஒத்துப்போகும் கொரியத்தை இல்லை என்கிறார்கள். இது என்ன நியாயம்? (பெங்களூரு வாசகர்)

ப: இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஒரே ஒரு சொல்லை வைத்து யாரும் உறவு சொல்வதில்லை, மாற்றம் ஒழுங்காக நடந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பால்-ஹாலு, புலி-ஹுலி, பூ-ஹூ, பத்து-ஹத்து, பல்லி-ஹல்லி, பெயர்-ஹெசரு. நம் பகரம் எங்கே சொல்லின் தொடக்கத்தில் வருகிறதோ அங்கே அவர்களிடம் ஹகரம். நீங்கள் தினமும் பார்க்கும் மாரத்தஹள்ளியின் ‘ஹள்ளி’யும் திருச்சிராப்பள்ளியின் ‘பள்ளி’யும் ஒரே சொல். ஹம்பி என்ற ஊர்ப் பெயரே ‘பம்பா’விலிருந்து வந்தது. பழைய கன்னடத்தில் பால் என்றே இருந்தது, ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஹகரம் ஏறியதைக் கல்வெட்டுகளிலேயே பார்க்கலாம். அதாவது பின்னால் போகப் போக இரண்டும் நெருங்குகின்றன. சமஸ்கிருதத்திலிருந்து வாங்கிய ‘பூஜெ’ போன்ற சொற்களில் இன்றும் பகரம் அப்படியே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பூ மாறியது, பூஜை மாறவில்லை.

எப்போதும் மாறியது அவர்கள், நாம் பழமை என்று நினைத்துவிடவும் கூடாது. நாம் செவி என்கிறோம், கன்னடர்கள் ‘கிவி’ என்கிறார்கள். நாம் செம்மை, அவர்கள் ‘கெம்பு’. இங்கே பழைய ககரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம், சகரமாக மாற்றிக்கொண்டது தமிழ். தெலுங்கில் வேறொரு ஒழுங்கு. நம் ழகரம் அங்கே டகரமாகும், ஏழு-ஏடு, கோழி-கோடி.

இதே மாதிரி ஒழுங்குதான் சமஸ்கிருதத்தையும் ஆங்கிலத்தையும் இணைக்கிறது. பித்ரு-ஃபாதர், பாத-ஃபுட், பஞ்ச-ஃபைவ், அங்கே பகரம், இங்கே ஃபகரம். கண்ணுக்குச் சொந்தமே தெரியாத ‘சக்ர’வும் ஆங்கில ‘வீல்’ (வண்டிச் சக்கரம்) என்பதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பிராகுயி என்று ஒரு திராவிட மொழி. சுற்றிலும் பலூச்சி, பஷ்தோ, சிந்தி. நடுவில் இவர்கள் பாலைப் பால் என்கிறார்கள், நீயை நீ என்கிறார்கள். கண், கல் இரண்டையும் அடித்தொண்டைக் ககரத்தில் ‘ஃகன்’, ‘ஃகல்’ என்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு ‘அசிட், இரட், முசிட்’. நான்கிலிருந்து எல்லாம் அக்கம்பக்கத்து மொழிகளிடம் கடன் வாங்கியவை. பழைய எண்களில் மூன்றே மூன்றுதான் மிச்சம். தமிழ்நாட்டில் யாரும் பிராகுயி பற்றி செய்தி பரப்பிப் பார்த்ததில்லை, உண்மையான சொந்தம் அங்கே இருக்கிறது.

கே: அலுவலகத்தில் இந்திக்காரர் ஒருவர் ‘எனக்கு அவகாஷ் வேண்டும்’ என்றார். வேலையை முடிக்க நேரம் கேட்கிறார் என்று நினைத்தேன், அவர் லீவு கேட்டிருக்கிறார்! (சென்னை வாசகி)

ப: இதே சொல்லை நீங்கள் கேரளத்தில் சொல்லியிருந்தால் உரிமைப் போராட்டம் ஆகியிருக்கும். சமஸ்கிருதத்தில் ‘அவகாச’ என்றால் இடைவெளி. அந்த இடைவெளியைத் தமிழ் நேரமாக்கியது, இந்தி விடுமுறையாக்கியது, தெலுங்கும் கன்னடமும் வாய்ப்பு ஆக்கின, மலையாளம் உரிமை ஆக்கியது. எல்லாவற்றுக்கும் உள்ளே ‘ஒருவருக்குக் கிடைக்கும் இடம்’ என்ற எண்ணம் இருப்பது தெரிகிறது இல்லையா?

இப்படி ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு ஊரில் வளர்ந்த சொற்கள் ஏராளம். சிட்சை என்றால் நமக்குத் தண்டனை, மலையாளத்திலும் கன்னடத்திலும் அதே, ஆனால் இந்தியில் ‘சிக்ஷா’ கல்வி. மூலத்தில் அது கற்பித்தல்தான். கற்பித்தலும் அடியும் ஒன்றாகவே போன பள்ளிக்கூடங்களை நினைத்தால் இந்தப் பொருள் மாற்றம் புரியும், புரிவது வேதனையாகவும் இருக்கும். உபன்யாசம் நமக்குக் கோயிலில் கேட்பது, தெலுங்கில் எந்த மேடைப் பேச்சும் உபன்யாசம், இந்தியில் ‘உபன்யாஸ்’ என்றால் நாவல்.

எல்லாவற்றையும் மிஞ்சியது சம்சாரம். மூலத்தில் பிறவிச் சுழற்சி. இந்தியில் ‘சன்சார்’ உலகம். தெலுங்கில் குடும்பம். நமக்கு மனைவி. நம் கரிசல் காட்டிலோ ‘சம்சாரி’ என்றால் விவசாயி. மலையாளத்தில் சம்சாரம் பேச்சு! ‘அவருடைய சம்சாரம் நன்றாக இருந்தது’ என்று ஒரு மலையாளி சொன்னால் கோபப்படாதீர்கள், பேச்சைப் பாராட்டுகிறார்.

கே: வேதாகமத்தில் இயேசு ‘அப்பா பிதாவே’ என்று ஜெபிக்கிறார். அந்த ‘அப்பா’ தமிழா? (நாகர்கோவில் வாசகர்)

ப: இல்லை, அது இயேசு பேசிய அரமேய மொழியின் சொல். மாற்கு 14:36-இல் கிரேக்க மூலத்திலேயே அந்த அரமேயச் சொல்லை அப்படியே வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலில் இன்றும் குழந்தைகள் ‘அபா’, ‘இமா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோவை மாணவிக்குச் சொன்ன விளக்கமே இதற்கும்.

ஆனால் அதே வேதாகமத்தில் வேறொரு இடத்தைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனுக்குக் கப்பல்கள் பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்குகளோடு மயில்களையும் கொண்டுவந்தன என்று வருகிறது. எபிரேய மூலத்தில் மயிலுக்கு உள்ள சொல் ‘துக்கி’. இது நம் ‘தோகை’ என்று உங்கள் பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் என்ற பாதிரியார் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் வாதிட்டார். மயில் நம் நாட்டுப் பறவை, பொருளோடு சேர்ந்து பெயரும் கப்பலேறியிருக்க வழி உண்டு. மறுப்பவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சொல் வேறு ஏதோ குரங்கைக் குறித்தது என்பது அவர்கள் கட்சி. என் மனம் தோகைப் பக்கம், ஆனால் வழக்கு முடியவில்லை. இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி என்பது உபரித் தகவல்.

கே: காசுதானே ‘கேஷ்’ ஆனது? (சேலம் வாசகர்)

ப: பாதி சரி. ஆங்கிலத்தில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. கடையில் ‘கேஷா, கார்டா’ என்கிறார்களே அந்தக் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது, அதற்கு மூலம் பெட்டி என்னும் லத்தீன் ‘கப்ஸா’. இன்னொன்று ஆசிய நாடுகளின் சிறிய செப்பு நாணயத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். அது நம் காசுதான், போர்ச்சுகீசியர் ‘காய்ஷா’ என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் ‘காய்ஷா’ என்றே பெயர் என்பதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தைக்கூட ஆங்கிலேயர் கேஷ் என்றுதான் எழுதினார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் (பொற்காசு). 1808-இல் கம்பெனி அச்சிட்ட செப்புக் காசுகளில் ‘20 கேஷ்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அவற்றைச் சென்னைக்கு ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 தொடக்கத்தில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மணல்திட்டில் சிக்கி மூழ்கிப்போய், மூட்டை மூட்டையாகக் காசுகள் பிற்காலத்தில் மேலே வந்தன.

கே: சிங்களத்திலும் அலுமாரி, மேசை, யன்னல் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்கிறார்கள். எங்களிடம் அவர்கள் எடுத்ததா, நாங்கள் எடுத்ததா? (யாழ்ப்பாண வாசகர்)

ப: இருவரும் மூன்றாமவரிடம் எடுத்தது. 1505-இல் இலங்கைக்கு வந்து 1658 வரை இருந்த போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள் இவை. எங்கள் பக்கம் சாவி, பாதிரி, பீப்பாய், கொய்யா, அன்னாசி எல்லாமே அப்படித்தான் (அன்னாசியின் பெயர் அதற்கும் முன்னால் பிரேசில் பழங்குடிகளுடையது). ஏலம் விடுவதும் போர்ச்சுகீசியம், பாயசத்தில் போடும் ஏலம் வேறு, அது நம் சொல்.

தமிழிலிருந்து சிங்களம் எடுத்ததற்குக் ‘கடே’ நல்ல உதாரணம், நம் கடை. ஆனால் ‘மல்லி’ என்று சிங்களர் கூப்பிட்டால் தம்பி என்று பொருள், நம் கொத்தமல்லிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கே: தேநீர் என்பது தேன் போன்ற நீர் என்பதாலா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: இல்லை. சீனாவின் ஃபூஜியன் கரையோரப் பேச்சில் அந்தச் செடிக்குத் ‘தே’ என்று பெயர். டச்சு வணிகர்கள் வழியாக அது ஐரோப்பாவில் பரவியது. தேயிலையில் இருப்பதும் அதே ‘தே’. சீனாவின் மற்ற இடங்களில் ‘சா’ என்பார்கள், வடக்கே சாய், கேரளத்தில் சாய, எல்லாம் அந்தக் கிளை.

கே: ஜப்பானியரின் ‘அரிகாத்தோ’, போர்ச்சுகீசிய ‘ஒப்ரிகாதோ’விலிருந்து வந்தது என்கிறார் என் சுற்றுலா வழிகாட்டி. (மதுரை வாசகர்)

ப: போர்ச்சுகீசியர் ஜப்பானில் கால் வைத்தது 1543. ‘அரிகாத்தோ’வின் தாய்ச் சொல்லான ‘அரிகதாஷி’யோ 1000-ஆம் ஆண்டை ஒட்டிய ஜப்பானிய நூல்களிலேயே இருக்கிறது, இருப்பதற்கு அரியது என்று பொருள். அப்படி அரிதாகக் கிடைத்த உதவி என்ற கருத்தில் நன்றி ஆகிவிட்டது. ஜப்பானில் ரொட்டிக்குச் சொல்லும் ‘பான்’ மட்டும் சந்தேகமில்லாமல் போர்ச்சுகீசியம், வழிகாட்டியிடம் அதைச் சொல்லுங்கள்.